விடுபட்ட பெயர்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் மெதடிஸ்டு சபையின் ஆயர் ஜேம்ஸ் ஆஸ்குட் ஆண்ட்ரூ துயில்கிறார். வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த அதே பகுதியில் கிட்டி என்னும் கறுப்பினப் பெண்ணுக்கும் ஒரு கற்பலகை நாட்டப்பட்டுள்ளது. 1939இல் நாட்டப்பெற்ற அப்பலகை, விடுதலை தர முன்வந்த நல்ல தலைவரையும், அவரை விட்டுப் பிரிய மறுத்த நன்றியுள்ள அடிமைப் பெண்ணையும் பற்றிப் பேசுகிறது. கேட்பதற்கு நெஞ்சுருக்கும் கதைதான். ஆனால், அந்த ஆயரின் குலவரிசையை எழுத அமர்பவர் கிட்டியின் பெயரை எந்தக் கிளையில் எழுதுவார்? எழுதுவாரா?

இக்கேள்வி ஒரு தனி மனிதரைப் பற்றியது மட்டுமன்று. தம் முன்னோரைத் தேடுவது இன்று அமெரிக்காவில் பல இலட்சம் பேரின் ஓய்வுநேர உழைப்பு. அவர்களுள் பலருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாட்டுப்புறப் போதகர் ஒருவரை மூதாதையாகப் பெறுவது பெரும் பெருமை. கையில் விவிலியமும் காலடியில் குதிரையுமாக நிற்கும் அந்த உருவத்தைக் குடும்பத்தின் முகப்பில் மாட்டி வைக்க யாருக்குத்தான் ஆசையிராது? அந்த ஆசையைக் குறை கூற வரவில்லை. அந்த உருவத்தின் பின்னே நின்றவர்களை வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சியதைக் குடும்ப வரலாறு என்று அழைப்பதையே குறை கூறுகிறேன். அது வெறும் மறதி அன்று. இறந்தோருக்கு எதிராகச் சொல்லப்படும் பொய்ச்சான்று.

ஆண்ட்ரூவின் வாழ்வைத் தேடுபவருக்கு ஏடுகளில் பஞ்சமில்லை. 1794ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், ஊர் ஊராகச் சென்று போதித்த ஜான் ஆண்ட்ரூ என்னும் மெதடிஸ்டுப் போதகரின் மகனாக ஜார்ஜியாவின் வில்க்ஸ் வட்டாரத்தில் அவர் பிறந்தார். 1812இல் தாமும் போதிக்க உரிமம் பெற்றார். அக்கால மெதடிஸ்டுப் போதகருக்கு நிலையான கோயில் இராது. ‘சுற்று’ என்று ஒரு நிலப்பரப்பு ஒதுக்கப்படும். அதனுள் குதிரையேறிப் பண்ணை வீடுகளிலும் மரத்தடிகளிலும் மக்களைக் கூட்டிப் போதிக்க வேண்டும். அவ்வாறு உழைத்த ஆண்ட்ரூ 1832இல் ஆயரானார். 1836இல் எமரி கல்லூரி நிறுவப்பட்டபோது அதைச் சார்ந்து எழுந்த ஆக்ஸ்போர்டில் குடியேறினார். 1871இல் மறைந்தார். எந்த ஆண்டு எந்தப் போதகர் எந்தச் சுற்றில் பணியாற்றினார் என்பதை மாநாட்டு அறிக்கைகள் ஆண்டுதோறும் அச்சிட்டன. அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழியுமுன்னரே கடிதங்களுடன் கூடிய வாழ்க்கை வரலாறும் வெளிவந்தது. போதகரின் வழி, கல் பாவிய நெடுஞ்சாலை. அதில் நடப்பவருக்குக் கால் இடறுவதில்லை.

அதே வீட்டில் வாழ்ந்த மற்றவர்களின் வழி எப்படி இருந்தது? 1850இல்தான் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு முதன்முறையாக ஒரு வீட்டிலுள்ள உரிமைபெற்ற மனிதர் அனைவரையும் பெயர் சொல்லி எழுதியது. அதே ஆண்டிலும், மறுபடி 1860இலும், அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் எடுக்கப்பட்டது. அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் மட்டும் வரிசையாக இருக்கும். இன்னார் என்ற பெயர், மிகச் சில இடங்கள் தவிர, இராது. முன்பு அடிமைகளாயிருந்த மக்களில் பெரும்பாலோர் நாட்டின் கணக்கேட்டில் பெயரோடு தோன்றியது 1870இல்தான். தம் மூதாதையரைத் தேடும் கறுப்பின மக்கள் அந்த 1870ஐ ஒரு சுவர் என்றே அழைக்கின்றனர். கிட்டியோ உள்நாட்டுப் போருக்கு முன்பே இறந்துவிட்டாள். அவள் சுவருக்கு அப்பால் நிற்கிறாள்.

ஆகவே, ‘ஏட்டில் உள்ளதை எழுதினேன், இல்லாததை விட்டேன்’ என்று கூறும் குலவரிசை ஆசிரியர் தம்மை நடுநிலையாளர் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அந்த ஏட்டை எழுதிய கை யாருடையது என்று அவர் கேட்கவில்லை. உரிமையாளரின் கை எழுதியதை அப்படியே படியெடுப்பவர், அந்த உரிமையாளரின் எழுத்தராகவே இன்றும் பணியாற்றுகிறார்.

கிட்டியின் கதையை இனிச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1844இல் நியூயார்க்கில் மெதடிஸ்டு சபையின் பொது மாநாடு கூடியது. ஆயர் ஒருவர் அடிமைகளை வைத்திருக்கிறார் என்னும் செய்தி அங்கே புயலைக் கிளப்பியது. விளக்கம் கேட்கப்பட்டபோது ஆண்ட்ரூ எழுத்தில் தந்த விடை இன்றும் கிடைக்கிறது. அகஸ்டா நகரத்து முதியவள் ஒருத்தி தம்மிடம் ஒரு கலப்பினச் சிறுமியை உயில்வழி ஒப்படைத்தாள் என்றார். பத்தொன்பது வயது நிரம்பியதும், அவள் இசைந்தால் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்ப வேண்டும், இசையாவிட்டால் ஜார்ஜியாவின் சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்கு உரிமையோடு தாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் போக மறுத்துவிட்டாள். இது முதற்செய்தி. தம் முதல் மனைவிக்கு அவள் தாய் ஒரு சிறுவனை விட்டுச் சென்றாள், மனைவி இறந்தபின் சட்டப்படி அவன் தமக்கு உரியவனானான் என்பது இரண்டாவது. 1844 சனவரியில் தாம் மணந்த இரண்டாம் மனைவிக்கு முன்னைய கணவர் வழியாக வந்த அடிமைகள் இருந்தனர், அவர்களைப் பத்திரம் எழுதி அவள் பெயருக்கே உறுதி செய்துவிட்டேன் என்பது மூன்றாவது.

வாசகரே, இதை நிதானமாகப் படியுங்கள். ஆயரே தம் கையால் எழுதியதில் ஒரு சிறுமி இருக்கிறாள், ஒரு சிறுவன் இருக்கிறான், எண்ணிக்கை கூறப்படாத இன்னும் சிலர் இருக்கின்றனர். ஊரார் போற்றி வளர்த்த கதையிலோ சிறுமி ஒருத்தியே மிஞ்சினாள். சிறுவன் எங்கே போனான்? மனைவியின் வீட்டிலிருந்து வந்தவர்கள் எங்கே போயினர்? அவர்களைக் கொண்டு நெஞ்சுருக்கும் கதை எழுத இயலவில்லை. ஆதலால் அவர்கள் நினைவிலிருந்தே நீக்கப்பட்டனர். பக்திக் கதைகள் பொய்யைச் சேர்த்துச் செய்யும் தீங்கைவிட, உண்மையில் பாதியை விழுங்கிச் செய்யும் தீங்கு பெரிது.

மிஞ்சிய அந்த ஒருத்தியின் கதையேனும் நேர்மையாகச் சொல்லப்பட்டதா? 1841இல் எமரி கல்லூரியின் தலைவராயிருந்த அகஸ்டஸ் லாங்ஸ்டிரீட் என்பவர் கிட்டியை அழைத்து, லைபீரியா போகிறாயா என்று வினவினார். அவர் அடிமை முறைக்குப் பரிந்து எழுதியவர். பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி, தன்மேல் முழு அதிகாரமுடைய வெள்ளைப் பெரியவர்களின் முன்னே நின்று கூறிய விடை அது. போவதானால் பிறந்த மண்ணையும் அறிந்த மாந்தர் அனைவரையும் விட்டு, குடியேறியோரில் பலர் காய்ச்சலில் மடிந்த ஓர் அயல்நாட்டுக்குப் போக வேண்டும். இருப்பதானால் அடிமையாக இருக்க வேண்டும். ஏனெனில் சட்டமன்றம் தனியே இசைவு அளித்தாலன்றி எவரும் தம் அடிமையை விடுவிக்கக் கூடாது என்று ஜார்ஜியா 1801இலேயே சட்டம் செய்திருந்தது. நாடுகடத்தலா, அடிமைத்தனமா என்று கேட்டுவிட்டு, அவள் இரண்டாவதைத் தேர்ந்ததும், ‘பாருங்கள், எவ்வளவு அன்பு!’ என்று கல்லில் வெட்டி வைப்பது எத்தகைய நீதி? அவள் மறுத்தது கப்பலை. தலைவரிடம் கொண்ட அன்புக்கு அது சான்றாகுமா?

ஆயர் தம் வீட்டுக்குப் பின்புறம் அவளுக்கு ஒரு குடில் கட்டிக் கொடுத்தார். அக்குடில் இன்றும் ஆக்ஸ்போர்டில் பேணப்படுகிறது. அதே ஊரின் கறுப்பின மக்களிடையே தலைமுறைகளாக வழங்கிவரும் கதையோ முற்றிலும் வேறு. வீட்டுத் தலைவரின் விருப்பத்துக்கு ஆட்படுத்தப்பட்டவள் அவள் என்பது அவர்களின் நினைவு. அதை மெய்ப்பிக்கும் ஆவணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் அன்பினால் தங்கினாள் என்பதற்கும் அவளே எழுதிய ஆவணம் ஏதுமில்லை. அப்படியிருக்க, ஒரு கதைக்குக் கல்லறையில் பலகையும் மற்றொன்றுக்கு ‘வீண் வதந்தி’ என்னும் பட்டமும் கிடைத்தது எப்படி? கற்பலகை நாட்டும் பணமும் இடமும் யாரிடம் இருந்தனவோ, அவர்களின் நினைவு வரலாறாயிற்று.

நல்வாய்ப்பாக, இக்கதை அங்கே முடிந்துவிடவில்லை. மார்க் ஆஸ்லாண்டர் என்னும் மானிடவியலாளர் ஆக்ஸ்போர்டு மக்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் தேடினார். உயில்கள், சொத்துப் பட்டியல்கள், திருமணப் பதிவுகள், கணக்கேடுகள் ஆகியவற்றை அவர் அடிமைகளின் பக்கத்திலிருந்து படித்தார். கிட்டியின் கணவரைப் பற்றி ஊர்க்கதை கூறிய குடும்பப் பெயரை அப்படியே நம்பாமல், பாய்ட் என்னும் பெயரைத் தொடர்ந்து சென்று, அவள் ஈன்ற மக்களையும் அவர்கள் வழியில் இன்றும் வாழ்வோரையும் கண்டார். 2011இல் அவரது நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் எமரி பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த பிணைப்புக்காக வருத்தம் தெரிவித்தது. கிட்டியின் வழித்தோன்றல்களும் ஆக்ஸ்போர்டுக்கு வந்தனர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஆயரின் வரலாற்றில் அடிக்குறிப்பாக இருந்தவள், அன்று ஒரு குடும்பத்தின் பாட்டியானாள். குலவரிசை தேடுதலின் உண்மையான புண்ணியம் இதுவே.

இதற்கு எழும் மறுப்புகளை நான் அறியாதவன் அல்லேன்.

‘அந்தக் காலம் அப்படி, இன்றைய கண்ணால் அன்றைய மனிதரை அளக்கலாகாது’ என்பர் சிலர். இது பெரும்பாலும் இரக்கத்தின் குரலன்று, சோம்பலின் குரல். மெதடிஸ்டு இயக்கத்தின் தந்தையான ஜான் வெஸ்லி 1774இலேயே அடிமை முறையைக் கடிந்து நூல் எழுதினார். 1784இல் அமெரிக்காவில் அச்சபை நிறுவப்பட்டபோதே, உறுப்பினர் தம் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று விதி வகுத்தது. அவ்விதியை நடைமுறைப்படுத்தும் துணிவு அடுத்த ஆண்டே தளர்ந்தது என்பது வேறு செய்தி. 1844இல் ஆண்ட்ரூவின் சொந்தச் சபைப் பேராளர்களில் பெரும்பான்மையோர், இத்தடை நீங்கும்வரை அவர் ஆயர் பணியை நிறுத்திவைக்க வேண்டும் என்று வாக்களித்தனர். தென்னாட்டுப் பேராளர்கள் அதை ஏற்கவில்லை. 1845இல் தனிச்சபை கண்டனர். 1939வரை அப்பிளவு ஒட்டவில்லை. இத்தனை பேர் அன்றே கண்டதை, அன்றைய கண்ணால் காண இயலாது என்று எப்படிக் கூறுவது? அடிமைகளும் அந்தக் காலத்து மனிதரே. அவர்களின் கண்ணை ஏன் எவரும் அளவுகோலாகக் கொள்வதில்லை?

‘இறந்தவரின் குறையைக் கிளறுவது பண்பன்று’ என்பர் வேறு சிலர். இறந்தவர் என்றால் ஆயர் மட்டுமா? கிட்டியும் இறந்தவள் அல்லவா? ஒருவரின் மானத்தைக் காக்க இன்னொருவரின் இருப்பையே மறைப்பது பண்பாகாது. ஆண்ட்ரூவைக் கொடியவர் என்று காட்டுவதும் என் நோக்கமன்று. குதிரை மேல் அலைந்து அவர் பட்ட பாடு பொய்யன்று. அவரது செபமும் பொய்யன்று. மன்றாடும் அதே கையால் மனிதரைப் பத்திரத்தில் எழுதி வைக்கவும் முடிந்தது என்பதுதான் நாம் அஞ்ச வேண்டிய உண்மை. அவரைத் தூயவராக்கிவிட்டால் அந்த அச்சம் போய்விடும். அச்சம் போனால் பாடமும் போய்விடும்.

இங்கே கத்தோலிக்க வாசகர் எவரேனும், ‘இது பிரிந்து சென்ற சபையினரின் கதைதானே’ என்று நிம்மதியாகச் சாய்ந்து அமர்ந்தால், அவரைத் தயவுசெய்து நிமிர்ந்து உட்காரச் சொல்வேன். ஆண்ட்ரூவின் வழக்கு நடப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1838இல், மேரிலாந்தின் இயேசு சபையினர் தம் பண்ணைகளில் உழைத்த 272 அடிமைகளை 1,15,000 டாலருக்கு லூசியானா மாநிலத்தவருக்கு விற்க ஒப்பந்தம் செய்தனர். ஜார்ஜ்டவுன் கல்லூரி கடனில் தத்தளித்த காலம் அது. குடும்பங்களைப் பிரிக்கலாகாது, அவர்களின் விசுவாச வாழ்வுக்கு ஏற்பாடு வேண்டும், விற்ற பணம் கடனடைக்கப் பயன்படலாகாது என்று உரோமையிலிருந்த சபைத் தலைவர் நிபந்தனை விதித்தார். அவை சரிவரக் காக்கப்படவில்லை. விற்கப்பட்டோர் கத்தோலிக்கர். தம் கையால் திருமுழுக்கு அளித்த மக்களையே குருக்கள் விற்றனர். அடுத்த ஆண்டு, 1839இல், திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிகத்தைக் கண்டித்து மடல் வெளியிட்டார்.

ஆனால் இங்கேயும் ஒரு வியப்பு உண்டு. நாட்டின் கணக்கேடு அடிமைகளைப் பெயரின்றி எண்ணிய காலத்தில், பங்கு ஏடு அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தது. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் பங்குக் குருக்களுக்கு விதித்த ஏட்டுக் கடமை, ஓர் அடிமைத் தாயையும் அவள் குழந்தையின் ஞானப் பெற்றோரையும் எழுதி வைக்கச் செய்தது. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் விற்பனைப் பட்டியல்களையும் லூசியானாவின் கோயில் ஏடுகளையும் ஒப்பிட்டு ஆயிரக்கணக்கான வழித்தோன்றல்களைக் கண்டறிந்தனர். 2017 ஏப்ரலில் ஜார்ஜ்டவுனில் இயேசு சபையினர் அவர்கள் முன் மன்னிப்பு வேண்டினர். விற்பனையை நடத்திய மாநிலத் தலைவரின் பெயரைத் தாங்கியிருந்த கட்டடம், விற்பனை ஆவணத்தில் முதலாவதாக எழுதப்பட்ட ஐசக் ஹாக்கின்சின் பெயரைப் பெற்றது. விற்ற கைகளே எழுதிய ஏடுகள் விற்கப்பட்டவர்களுக்குச் சான்று பகர்ந்தன. கடவுளின் கணக்கு நம் கணக்கைவிட நுட்பமானது.

இறுதியாக ஒரு மறுப்பு உண்டு. அது விவிலியத்திலிருந்தே வருவது. திருத்தூதர் பவுல் திமொத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதியபோது முடிவில்லாத மூதாதையர் பட்டியல்களை விலக்கச் சொல்லவில்லையா என்பர். சொன்னார். பெருமைக்கும் வீண் வாதத்துக்கும் வழிவகுக்கும் பட்டியல்களையே அவர் விலக்கச் சொன்னார். இல்லையேல் நற்செய்தியின் முதல் பக்கத்தையே நாம் கிழித்தெறிய வேண்டியிருக்கும். மத்தேயு தம் நூலை ஒரு குலவரிசையோடுதான் தொடங்குகிறார். பதினான்கு பதினான்காகத் தலைமுறைகளை அடுக்குவதற்காக அவர் சில பெயர்களை விட்டதும் உண்டு. யாரை விட்டார் என்று பாருங்கள். அகசியா, யோவாசு, அமட்சியா என்னும் மூன்று அரசர்களை விட்டார். யாரை விடவில்லை என்றும் பாருங்கள். மாமனாரால் கைவிடப்பட்ட தாமாரை விடவில்லை. எரிகோவின் இராகாபை விடவில்லை. மோவாபு நாட்டு ரூத்தை விடவில்லை. தாவீதின் பாவத்தை மறைக்கவொண்ணாதபடி, ‘உரியாவின் மனைவி’ என்று சுட்டப்படுபவளையும் விடவில்லை. நம் காலத்துக் குடும்ப மரம் எழுதுபவர் எவராயினும் அரசர் மூவரை முதலில் பொன்னெழுத்தில் பொறித்திருப்பார். அந்த நான்கு பெண்களை நாசூக்காகத் தவிர்த்திருப்பார். மீட்பரின் குடும்பமே மறைக்காததை நம் குடும்பங்கள் மறைப்பது எதற்காக?

ஆதலால் நாட்டுப்புறப் போதகர் ஒருவரின் குலவரிசையை எழுதப் புகும் எவரிடமும் நான் கேட்பது ஒன்றே. போதகரின் பிறந்த நாளைத் தேடும் அதே உழைப்போடு அவர் வீட்டில் உழைத்தவரின் பெயரையும் தேடுங்கள். உயிலைப் படிக்கும்போது யார் எதைப் பெற்றார் என்பதோடு நிறுத்தாதீர்கள். மேசைக்கும் மாட்டுக்கும் இடையே விலையிட்டு எழுதப்பட்ட மனிதப் பெயர் ஏதேனும் உண்டா என்று பாருங்கள். வெள்ளையர் இத்தனை பேர், கறுப்பர் இத்தனை பேர் என்று மாநாட்டு அறிக்கை தரும் எண்களைக் கண்டால், அந்த இரண்டாவது எண்ணின்மேல் விரலை வைத்துச் சற்று நில்லுங்கள். அது வெறும் எண்ணன்று. அவர்கள் அதே போதனையைக் கேட்டு, அதே ஆண்டவரை நம்பி, அதே பாடலைப் பாடியவர்கள். பெயர் கிடைக்காவிட்டால், பெயரற்ற ஒருவர் இங்கே வாழ்ந்தார் என்றாவது எழுதுங்கள். வெற்றிடத்தை வெற்றிடமாகக் காட்டுவதும் உண்மையே. அதை ஒட்டி மூடிவிடுவதுதான் பொய்.

போதகர்கள் எல்லாரும் ஒரு நாள் தம் ஆடுகளோடு நல்லாயன் முன்னே நிற்பார்கள். ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவர் அவர் என்று யோவான் கூறுகிறார். அந்த நாளில் ஜேம்ஸ் ஆஸ்குட் ஆண்ட்ரூவின் பெயர் அழைக்கப்படும். கிட்டியின் பெயரும் அழைக்கப்படும். 1844ஆம் ஆண்டுக் கடிதத்தில் பெயரின்றி விடப்பட்ட அந்தச் சிறுவனின் பெயரும் அழைக்கப்படும். நாம் எழுதும் குலவரிசை அந்த அழைப்புக்கு முன்னே நாணாமல் நிற்கக் கூடியதாக இருக்கட்டும்.